மலையில் வழி தவறுவது இறங்கும்போதுதான்: மேற்குத் தொடர்ச்சி மலைக்குரிய திசையறிவு

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையில், டம்டம் பாறை அருகே வண்டியை நிறுத்தினால் எதிரே தலையாறு அருவி தெரியும். எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். 297 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே கோடாக விழுகிறது. அந்த அருவிக்கு மேலே, மலையின் தலைப்பகுதியில், அது சாதாரண ஓடை. பாறைகளுக்கு நடுவே அடக்கமாக ஓடிக்கொண்டிருக்கும். சில நூறு மீட்டர் தள்ளி நிலமே முடிந்துவிடுகிறது என்பதற்கான அறிகுறி எதுவும் அங்கே கண்ணில் படாது.

"காட்டில் வழி தெரியாவிட்டால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு இறங்கு, ஊர் வந்துவிடும்" என்ற அறிவுரையை இந்த இடத்தில் பொருத்திப் பாருங்கள். சமவெளிக் காட்டிலும் மெதுவாகச் சரியும் குன்றிலும் அது சரியான யோசனைதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் அமைப்பு வேறு. மேலே விரிந்த மேட்டுநிலம், அதன் விளிம்பில் செங்குத்தான சரிவு, அதன் அடியில் சமவெளி. மேட்டுநிலத்தில் பிறக்கும் ஓடை எதுவானாலும் அந்த விளிம்பைத் தாண்டித்தான் கீழே போக வேண்டும். ஓடையோடு இறங்குகிறவர் முதலில் ஓர் ஆள் உயரப் பாறையில் சறுக்கி இறங்குவார். அடுத்தது இரண்டு ஆள் உயரம். இரண்டுமே இறங்க முடியும், திரும்ப ஏற முடியாத இடங்கள். மூன்றாவது அருவியின் தலையில் அவர் நிற்கும்போது கீழேயும் வழி இல்லை, மேலேயும் வழி இல்லை. பள்ளத்துக்குள் செல்போன் சிக்னலும் கிடைக்காது. தண்ணீர் இரைச்சலில் அவர் கூப்பிடுவது யாருக்கும் கேட்காது.

மலையில் திசை கண்டுபிடிக்கும் முறைகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எழுதப்பட்டு நம்மிடம் வந்தவை. அவற்றில் பாதி இங்கே அப்படியே செல்லும். மீதிப் பாதி நம் அட்சரேகையிலும் நம் மழையிலும் பொய்த்துப்போகும். எது எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ளாமல் மலையேறுவது ஆபத்து.

சூரியன், நட்சத்திரம், காம்பஸ்

கைக்கடிகாரத்தின் மணி முள்ளைச் சூரியனுக்கு நேராகத் திருப்பி, முள்ளுக்கும் 12-க்கும் நடுவே கோடு போட்டால் அது தெற்கு என்பார்கள். நண்பகலில் சூரியன் எப்போதும் தெற்கே தாழ்ந்து நிற்கும் நாடுகளுக்கான கணக்கு இது. தமிழ்நாடு வட அட்சம் 8 முதல் 13.5 டிகிரிக்குள் இருக்கிறது. ஏறத்தாழ ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் இந்தக் கணக்கு தெற்கு என்று காட்டுவது தெற்காக இருக்காது. மற்ற மாதங்களிலும் சூரியன் உச்சிக்கு அருகே போவதால் காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் இடையே அதை வைத்துத் திசை சொல்ல முயலாமல் இருப்பது நல்லது.

நம்பத் தகுந்தது காலை எட்டு மணிக்கு முந்தைய சூரியனும் மாலை நான்கு மணிக்குப் பிந்தைய சூரியனும்தான். அதிலும் ஒரு திருத்தம் தேவை. டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் காலைச் சூரியன் நேர்க்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி தெற்கே விலகி நிற்கும். ஜூனில் 20 முதல் 25 டிகிரி வடக்கே. மார்ச், செப்டம்பர் மூன்றாம் வாரங்களில் மட்டும்தான் உதயம் நேர்க்கிழக்கு.

துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து நம் அட்சரேகை அளவு உயரத்தில்தான் நிற்கும். கொடைக்கானலில் அது 10 டிகிரி. கையை நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் அந்தக் கைமுட்டியின் உயரம். வடக்கே ஒரு மேடு இருந்தாலே மறைந்துவிடும். பாசி வடபுறத்தில் வளரும் என்பதையும் விட்டுவிடலாம். நம் மலைகளில் பாசி சாரல் அடிக்கும் பக்கத்தில் வளரும், நிழல் விழும் பக்கத்தில் வளரும், ஓடை அருகே எல்லாப் பக்கமும் வளரும்.

காம்பஸ் வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. ஐரோப்பாவில் காந்த ஊசியின் வடமுனை தரையை நோக்கிச் செங்குத்தாகச் சாய முயலும் என்பதால், அதைச் சமன் செய்யத் தென்பக்கத்தை எடை கூட்டிச் செய்வார்கள். இங்கே அந்தச் சாய்வு ஏறக்குறைய இல்லை. எனவே அந்த ஊசியின் தென்முனை தாழ்ந்து, உறையின் அடியில் உரசி, பாதியில் நின்றுவிடும். காட்டும் திசை இருபது டிகிரி தவறாக இருந்தாலும் பார்க்கிறவருக்குத் தெரியாது. வாங்குமுன் காம்பஸைச் சமமாகப் பிடித்து மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஊசி எந்த இடத்திலும் தயங்கக் கூடாது. எல்லா நாடுகளுக்கும் பொருந்தும்படி செய்த 'குளோபல் நீடில்' வகை கிடைத்தால் அதுவே சிறந்தது.

நமக்குச் சாதகமான செய்தி ஒன்றும் உண்டு. உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இடையே தமிழ்நாட்டில் உள்ள வேறுபாடு இரண்டு டிகிரிக்குள்தான். இரண்டு டிகிரிப் பிழை ஒரு கிலோமீட்டர் நடைக்கு 35 மீட்டர் விலகல். கையால் காம்பஸ் பிடித்து நடக்கையில் ஏற்படும் பிழையே ஐந்து டிகிரி, அதாவது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 90 மீட்டர். எனவே கூட்டல் கழித்தல் எதுவும் இல்லாமல் வரைபடத்தின் வடக்கையும் ஊசியின் வடக்கையும் ஒன்றாகவே கொள்ளலாம். சேலம் கஞ்சமலை போன்ற காந்தக்கல் படிவுள்ள இடங்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. ஒரு பாறையிலிருந்து எதிர்மேட்டுக்கு அளவெடுத்து, அங்கே போய்ப் பின்னோக்கி அளவெடுத்தால் சரியாக 180 டிகிரி வேறுபட வேண்டும். வேறுபடாவிட்டால் ஊசியைக் கீழே இருக்கும் கல் இழுக்கிறது.

வரைபடம் சொல்வதும் மறைப்பதும்

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் வரும். ஐந்துக்கு ஒன்று தடித்த கோடு, அது 100 மீட்டர். இந்த இரண்டு எண்களை வைத்துச் சரிவைக் கணக்கிடலாம். கோடுகளுக்கு இடையே 1 மில்லிமீட்டர் இருந்தால் 50 மீட்டர் நடைக்கு 20 மீட்டர் ஏற்றம், அதாவது 22 டிகிரி. மூச்சு வாங்கும், நடக்கலாம். அரை மில்லிமீட்டரானால் சரிவு 39 டிகிரிக்கு அருகில்; புல்லைப் பிடித்துத் தவழ வேண்டிய இடம். மழையில் அங்கே கால் வைக்கக் கூடாது.

20 மீட்டருக்கு ஒரு கோடு என்றால், இரண்டு கோடுகளுக்கு நடுவே 15 மீட்டர்ப் பாறை முழுசாக ஒளிந்துகொள்ளலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மாடி வீடுகளின் உயரமுள்ள அந்தப் பாறைக்கு வரைபடத்தில் ஒரு புள்ளிகூட இருக்காது. செல்போன் செயலிகளில் தெரியும் கோடுகள் இன்னும் மோசம். அவற்றில் பல, 2000-ஆம் ஆண்டு விண்ணிலிருந்து ரேடாரால் எடுத்த அளவீட்டிலிருந்து கணினி வரைந்தவை. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஓர் உயரம் என்ற கணக்கில் இருப்பதால் செங்குத்துப் பாறையும் வழவழப்பான சரிவாகத் தெரியும்.

பழைய அச்சு வரைபடத்திலிருந்து ஆள்கூறுகளை எடுத்து ஜிபிஎஸ்ஸில் இட்டால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டக்கூடும். பழையவை பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் என்ற கணக்கையும், புதியவை ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற கணக்கையும் அடிப்படையாகக் கொண்டு வரையப்பட்டவை. காட்டின் நிலவரமும் மாறியிருக்கும். வரைபடத்தில் புல்வெளி என்று இருக்கும் இடத்தில் இன்று சீகை (வாட்டில்) மரம் நெருங்கி வளர்ந்திருக்கலாம். பாதை என்று புள்ளிக்கோடு இருக்கும் இடத்தை உண்ணிச்செடி மூடியிருக்கலாம். ஆள் நடமாட்டம் நின்றால் அதற்கு இரண்டு மூன்று மழைக்காலம் போதும்.

ஏறும்போது சேரும், இறங்கும்போது பிரியும்

பழனி மலை, நீலகிரி, ஆனைமலை எங்கும் வழி தவறுவதற்கான முதல் காரணம் மலை முகட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. உச்சியிலிருந்து முகடுகள் பல திசைகளில் கிளைத்து இறங்குகின்றன. கீழேயிருந்து ஏறுகிறவர் எந்தக் கிளையில் ஏறினாலும் அது பெரிய முகட்டில் போய்ச் சேரும். தவறு செய்யவே இடமில்லை. திரும்பும்போது அதே சந்திப்புகள் ஒவ்வொன்றும் பிரிவாகிவிடும். ஏறும்போது கவனிக்காத கிளை, இறங்கும்போது அகலமாகவும் நேராகவும் "இதுதான் வழி" என்பதுபோல எதிரே நிற்கும். மதியத்துக்கு மேல் மேகம் ஏறிப் பத்தடிக்கு அப்பால் தெரியாத நிலையில் இருபது டிகிரி விலகிய கிளையில் இறங்கினால், அரை மணி நேரத்தில் அடுத்த பள்ளத்தாக்கில் இருப்பீர்கள்.

தடுக்கும் முறை எளிது, ஆனால் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். ஏறும்போது ஒரு கிளை முகட்டில் வந்து சேரும் இடத்தில் நில்லுங்கள். திரும்பி நின்று வந்த வழியைப் பாருங்கள். இறங்க வேண்டிய திசையைக் காம்பஸில் அளந்து, நேரம், உயரம், கண்ணில் படும் ஒரு பாறை அல்லது மரம், இந்த நான்கையும் காகிதத்தில் எழுதுங்கள். இறங்கும்போது அந்த இடம் வந்ததும் எழுதிய திசையில் முகடு போகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த அடி.

உயரமானி வைத்திருப்பவர்களுக்கு முகட்டில் நடப்பது சுலபம்: முகடு ஒரு கோடு, உயரம் இன்னொரு கோடு, இரண்டும் வெட்டும் இடத்தில் நீங்கள். ஆனால் காற்றழுத்த உயரமானி வெப்பமண்டலத்தில் தினமும் ஒரு தவறு செய்யும். இங்கே காற்றழுத்தம் காலை பத்து மணிவாக்கில் உச்சத்திலும் மாலை நான்கு மணிவாக்கில் தாழ்விலும் இருக்கும். அதனால் நீங்கள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாவிட்டாலும், மாலைக்குள் கருவி 20 முதல் 30 மீட்டர் ஏறிவிட்டதாகக் காட்டும். ஒரு சமஉயரக் கோட்டுக்கும் மேலான பிழை இது. உயரம் தெரிந்த கணவாய், உச்சி, கோயில் வரும்போதெல்லாம் திருத்திக்கொள்ள வேண்டும்.

தடத்தைப் படிப்பது

கும்பக்கரையிலிருந்து வெள்ளகெவி வழியாக வட்டக்கானலுக்கு ஏறும் பழைய பாதையை எடுத்துக்கொள்வோம். தலைமுறை தலைமுறையாக மனிதர்களும் பொதி சுமக்கும் குதிரைகளும் நடந்த வழி. அப்படிப்பட்ட பாதையை அடையாளம் காணலாம்: திருப்பங்களில் கல் அடுக்கியிருக்கும், கல்லின் முகம் தேய்ந்து மழுங்கியிருக்கும், தோள் உயரத்தில் கிளைகள் அரிவாளால் வெட்டப்பட்டிருக்கும். வெட்டு சாய்வாகவும் சுத்தமாகவும் இருந்தால் மனிதர் வெட்டியது. நார் நாராகக் கிழிந்து, ஆள் எட்டாத உயரத்தில் முறிந்திருந்தால் யானை.

யானைத்தடம் பார்க்க நல்ல பாதை போலவே இருக்கும். அகலமானது, ஏற்றமும் மென்மையானது. அது போய்ச் சேருவது நீர்நிலைக்கோ மூங்கில் காட்டுக்கோதான். பிண்டம் (யானைச் சாணம்) ஈரமாகவும் சூடாகவும் இருந்தால் அந்தத் தடத்தை அப்போதே விட்டுவிட வேண்டும். வயிற்று உயரத்தில் கிளை தட்டிக்கொண்டே இருந்தால் அது காட்டுப்பன்றியும் கேளையாடும் போகும் வழி. சற்று நேரத்தில் புதருக்குள் முடியும். ஆட்டுத்தடங்கள் சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பல கோடுகளாக ஓடும், எல்லாமே மெல்ல மறையும். மிகவும் ஏமாற்றுவது வனத்துறை வெட்டும் தீத்தடுப்புக் கோடு. முகட்டின் மீது நேராக, அகலமாகப் புல்லை அகற்றியிருப்பார்கள். அது தீயை நிறுத்துவதற்கான இடைவெளி மட்டுமே. திடீரென்று பாறை விளிம்பில் முடிந்துவிடலாம்.

ஊர்க்காரரிடம் கேட்கும் முறை

வரைபடத்தில் இல்லாத அத்தனையும் அங்கே வாழ்பவர்களிடம் இருக்கிறது. பழனி மலையில் பளியர், போடி மலையில் முதுவர், ஆனைமலையில் காடரும் மலசரும், பாபநாசம் மலையில் காணிக்காரர், சத்தியமங்கலத்தில் சோளகரும் ஊராளியும் இன்று வரை காட்டோடு பழகி வாழ்கிறார்கள். வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்களிலும் இவர்கள் பலர் உண்டு. இவர்களை மூட்டை தூக்குபவர்களாக மட்டும் நடத்தும் குழுக்கள் மலையின் மிக முக்கியமான கருவியைப் பயன்படுத்தாமலே திரும்புகின்றன.

கேட்பதில் முறை இருக்கிறது. "இந்த வழி மேல போகுமா?" என்று கேட்டால் "போகும்" என்றுதான் பதில் வரும். அது போகும்தான், அவருக்கு. "ஐயா, நீங்க கடைசியா எப்ப அந்தப் பக்கம் போனீங்க?" என்று தொடங்குங்கள். போன வாரம் என்றால் ஒரு பதில், போன வருசம் என்றால் வேறு பதில். அடுத்து, "இங்கேருந்து கிளம்புனா முதல்ல என்ன வரும்? அதுக்கப்புறம்?" என்று வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். "ரெண்டு ஓடை தாண்டுனா மொட்டைப் பாறை, அதுல மேக்கால திரும்பணும், கெழக்கால போற தடம் தேன் எடுக்கிறவுக போறது" என்பது போன்ற பதிலை அப்படியே எழுதிக்கொள்ளலாம். சத்தியமங்கலம் பக்கம் பள்ளம் என்றால் பெரும்பாலும் ஓடையைச் சொல்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். குழியைத் தேடிக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். ஆடு மேய்ப்பவருக்கு ஊரைச் சுற்றிய சரிவுகள் விரல் நுனியில் இருக்கும், முகட்டுக்கு அப்பால் தெரியாமல் இருக்கலாம். தேன் எடுப்பவருக்குச் செங்குத்துப் பாறைகள் எங்கே என்று துல்லியமாகத் தெரியும். விறகுக்குப் போகும் அம்மாவுக்கு இன்று காலை யானை எங்கே நின்றது என்பது தெரியும். எஸ்டேட் தொழிலாளிக்கு எஸ்டேட் சாலைகள் தெரியும்.

நேரத்தைக் கேட்டால் அவர் நடையின் நேரத்தைச் சொல்வார். 1892-இல் ஸ்காட்லாந்தின் வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், கூடவே 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம். 9 கிலோமீட்டர், 1,200 மீட்டர் ஏற்றம் என்றால் 3 மணி 48 நிமிடம். நம் வெயிலுக்கும் ஆளுயரப் புல்லுக்கும் ஒன்றரை மடங்கு வைத்தால் ஏறத்தாழ 5 மணி 40 நிமிடம். ஊர்க்காரர் அதை இரண்டரை மணி என்பார், அவர் சொல்வது உண்மை. காலை 6.30-க்குப் புறப்பட்டால் உச்சி 12.10, இறக்கத்துக்கு நான்கு மணி நேரம். டிசம்பரில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறையும், அந்தி வெளிச்சம் இருபது நிமிடம் சொச்சம்தான், சோலைக்குள், அதாவது மலைப்பள்ளங்களில் அடர்ந்திருக்கும் பசுங்காட்டுக்குள், ஐந்தரைக்கே கண் தெரியாது. ஆகவே 12.30 ஆனால் எங்கே இருந்தாலும் திரும்புவது என்று புறப்படுமுன்பே குழு முழுவதும் ஒப்புக்கொள்ள வேண்டும். உச்சி கண்ணெதிரே தெரியும்போது அந்த முடிவை எடுக்க யாராலும் முடியாது.

தீயும் தண்ணீரும்

2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. 23 பேர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மனிதரால் அதை முந்தி மேலே ஓட முடியாது. கீழே புகை தெரிந்தால் பக்கவாட்டில் நகர்ந்து, வெறும் பாறைப் பரப்பு, ஏற்கெனவே எரிந்து அடங்கிய இடம் அல்லது ஈரமான சோலைக்குப் போக வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல்மலைகளுக்குப் போகாமல் இருப்பதே சரி.

அந்த விபத்துக்குப் பின் தமிழக அரசு மலையேற்றத்துக்கெனத் தனி விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் இணையத்தில் பதிவு செய்யலாம். உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பதோடு, காட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத நிலையில் தேட யாரும் வர மாட்டார்கள் என்பதும் உண்டு.

ஓடையைப் பொறுத்தவரை தலைக்கு மேலே இருக்கும் வானத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. மேல்மலையில் பெய்த மழை, கீழே வெயில் அடிக்கும்போது வந்து சேரும். தெளிந்த நீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், உடனே கரையேற வேண்டும். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீரைக் கடக்க வேண்டாம். காட்டாறு வந்த வேகத்திலேயே வடிந்துவிடும். சில மணி நேரம் காத்திருந்தால் பெரும்பாலும் வழி கிடைக்கும்.

வழி தவறியது தெரிந்த பிறகு

முதலில் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், பதினைந்து நிமிடம் நடக்காதீர்கள். கடைசியாகச் சந்தேகமே இல்லாமல் தெரிந்த இடம் எது, அங்கே மணி என்ன, அதன் பிறகு எவ்வளவு நேரம் நடந்தோம் என்று எழுதுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிப்போகக்கூடிய தூரமென்றால், வந்த தடத்திலேயே திரும்புங்கள், குறுக்கே வெட்டாதீர்கள். தடம் தெரியவில்லை என்றால் பள்ளத்தை விட்டுப் பக்கத்து முகட்டுக்கு ஏறுங்கள். சமவெளியைப் பார்த்த முகட்டு விளிம்பில்தான் கீழே உள்ள ஊர்களின் கோபுர சிக்னல் எட்டும். போனை விமானப் பயன்முறையில் வைத்தாலும் பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் வேலை செய்யும், பேட்டரியும் நிற்கும். சோலைக்குள் எடுத்த அளவை நம்பாமல், திறந்த வெளியில் இரண்டு மூன்று நிமிடம் நின்று எடுங்கள்.

112-க்கோ வழிகாட்டிக்கோ அழைப்பு கிடைத்தால் ஆள்கூறுகளோடு இன்னும் சிலவற்றைச் சொல்லுங்கள்: உயரம், எந்தப் பக்கம் ஓடைச் சத்தம் கேட்கிறது, நிற்பது புல்லா சோலையா சீகைக் காடா, இருட்டிய பிறகு எந்த ஊர் விளக்கு எந்தத் திசையில் தெரிகிறது. பழனி மலையின் தென்சரிவில் நிற்பவருக்குப் பெரியகுளமும் தேனியும் தெரியும், வடசரிவில் நிற்பவருக்குப் பழனிப் பக்கம். தேடி வரும் பளியருக்கும் காவலருக்கும் ஆள்கூறு எண்களைவிட இந்தத் தகவலே வேகமாக இடத்தைக் காட்டும். அழைத்த பிறகு இடம் மாறாதீர்கள். நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்திப் பதில் குரல் கேட்கிறதா என்று கவனித்து, மறுபடி ஊதுங்கள்.